திருகோணமலைப் போர்க்களங்கள்: ஆய்வுக்கும் பேணலுக்கும் காசு எங்க இருந்து, எதுக்கு முதல்?

#1 உவர்மலையான்

எல்லாருக்கும் வணக்கம். 1782இல் திருகோணமலைக்காகப் பிரித்தானியர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் பிடிச்ச சண்டைகளோட தொடர்புள்ள இடங்களை ஆய்வு செய்து பேணுறதுக்கு ஒரு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறம். எங்கட பட்டியலில் இப்ப இருக்கிறது: அந்த வருசம் ஜனவரி 11இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிட்ட இருந்து ஏறிப் பிடிச்ச ஒஸ்ரன்பேர்க் கோட்டை மேடு, பிரெட்ரிக் கோட்டை, ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் ஆட்கள் இறங்கிப் பீரங்கி மேடை போட்ட தரைப்பக்கம், செப்ரெம்பர் 3 கடற்சமர் நடந்த கடற்பரப்பு. இதோட 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டுவீச்சின் தடயங்கள், அதாவது சீனக்குடா ஓடுபாதைச் சுற்றாடல், எண்ணெய்த் தாங்கிகள், கடலோரப் பீரங்கி மேடைகள்.

வரைவில் 60 வீதம் கோட்டை மதில் திருத்த வேலைக்கு, 25 வீதம் கடலடி ஆய்வுக்கு, மிச்சம் ஆவணம், அறிவிப்புப் பலகை, நிர்வாகம். இந்தப் பங்கீடு சரியா? எந்த நிதிக்கு எதைக் கேக்கலாம்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் கிழிச்சு எறியுங்கோ, கோவிக்க மாட்டம்.

#2 கொட்டியாரம்

கிழிக்கச் சொன்னபடியால் கிழிக்கிறன். கோட்டை வேற, போர்க்களம் வேற. உங்கட வரைவு போர்க்களம் எண்டு தலைப்பு வச்சு மதிலுக்குக் காசு கேக்குது. வாசிக்கிற மதிப்பீட்டாளர் முதலாம் பக்கத்திலேயே இதைப் பிடிச்சிடுவார்.

போர்க்களம் எண்டா படை இறங்கின கரை, நடந்த பாதை, பீரங்கி வச்ச மேடு, சுட்ட திசை, பின்வாங்கின வழி, புதைச்ச இடம் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பு. அதுக்கு வரைபடம் இல்லாமல் எதைப் பேணப் போறியள் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது.

இந்தத் துறையில் தெளிவா ஒழுங்கு போட்டு வச்சிருக்கிறது அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் போர்க்களப் பாதுகாப்புத் திட்டம், 1991இல் தொடங்கினது. அவையள் காசை நாலு பெட்டியில் பிரிச்சு வச்சிருக்கினம். திட்டமிடலுக்கு ஒண்டு, அதுக்குச் சமபங்கு கட்டாயமில்லை. காணி வாங்க ஒண்டு, அதுக்கு நீங்கள் ஒரு டொலர் காட்டினால்தான் அவையள் ஒரு டொலர். நிலத்தைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரவும் விளக்கப் பலகை, காட்சி வசதிகளுக்கும் மற்ற இரண்டு, அவையும் சமபங்கோடதான். திட்டமிடல் முடிக்காமல் மற்றதுக்குப் போறது கஷ்டம். இந்த ஒழுங்கை அப்பிடியே எடுங்கோ. ஆனா அந்தக் காசுக்கு விண்ணப்பம் போடாதேங்கோ, அது அமெரிக்க மண்ணில் உள்ள களங்களுக்கு மட்டும். இணையத்தில் தேடினால் முதல் வாற பெயர் அதுதான் எண்டதால நிறையப் பேர் அங்க போய் நேரத்தை வீணாக்கினம். சைப்பான் தீவில் 1944 சண்டையின் கடலடித் தடயங்களுக்கு அந்த நிதி போனதும் சைப்பான் அமெரிக்க ஆட்புலம் எண்டபடியால்தான்.

தரையைப் பாக்கிற முறையையும் அவையளிட்ட இருந்து எடுக்கலாம். படைத்துறைக் கண்ணால அஞ்சு கேள்வி: எந்த மேடு கையில் இருந்தால் வெற்றி, எது தடை, எங்க மறைவு, எங்க இருந்து கண்ணுக்கும் குண்டுக்கும் எட்டும், எந்த வழியால வரலாம். திருகோணமலைக்கு இதைப் போட்டுப் பாருங்கோ. உட்துறைமுக வாயிலை ஒஸ்ரன்பேர்க் மேடு ஆளுது. வெளிக்கடல் பக்கம் திறந்து கிடக்கிற பின்குடாவை சுவாமிமலைப் பக்கத்துப் பிரெட்ரிக் கோட்டை ஆளுது. ஆக, ஒரு கோட்டையைப் பிடிச்சவனுக்கு மற்றதும் வேணும். 1782 ஜனவரியில் பிரெட்ரிக் கோட்டை லேசா விழுந்த பிறகும் ஒஸ்ரன்பேர்க்கை ஏறிப் பிடிக்க வேண்டி வந்தது இதாலதான். இந்த ஒரு பந்தி உங்கட முன்மொழிவில் இருந்தால் மதிலுக்கு எழுதின பத்துப் பக்கத்தை விட எடுபடும்.

வரைபடத்தில் எல்லை மூண்டு போடுங்கோ. சண்டையோட தொடர்புள்ள முழுப் பரப்பு ஒண்டு. அதுக்குள்ள நேரடியாச் சுட்டுக்கொண்ட மையப் பரப்பு. அதுக்குள்ளயும் இண்டைக்குக் கட்டடம் மூடாமல் மிஞ்சியிருக்கிற பரப்பு. மூண்டாவதுதான் காசு போக வேண்டிய இடம். நகரசபைப் பகுதியில் அது சின்னத் துண்டாத்தான் வரும், அதைப் பாத்து மனம் தளர வேண்டாம்.

#3 மடத்தடி

சட்டப் பக்கம். இது தெரியாமல் வரவு செலவு போடுறது வேலையில்லை.

தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதில் பிரிகோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதுக்கு முந்தின நினைவுச்சின்னம் தானாகவே சட்டத்துக்குள்ள வரும். ஆகவே 1782, பிரித்தானியர் திரும்ப ஊரைப் பிடிச்ச 1795 எல்லாம் உள்ளுக்கு. 1942 வெளியில. குண்டு தாங்கிச் சுவர், பீரங்கி மேடை, எண்ணெய்த் தாங்கி எதுவானாலும் வர்த்தமானியில் தனியா அறிவிச்சால் ஒழியப் பாதுகாப்பு இல்லை. சகாயிங் கப்பலை நினைச்சுப் பாருங்கோ. 1942இல் துறைமுகத்துக்குள்ள எரிஞ்சு, பிறகு இறங்குதுறைக்கெண்டு தாழ்த்தினது. 2018இல் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவிட்டு அகற்றினவை. பொறியியல் வேலையாப் பாத்தால் பெரிய சாதனைதான். ஆனா அது ஒரு போர்த்தடயம், இடத்தில வச்சு ஆவணப்படுத்த வேணும் எண்டு சொல்ல ஒரு சட்டப் பிடியும் இருக்கேல்லை.

எண்ணெய்த் தாங்கி 99க்கும் 2022 ஜனவரியில் பங்கு பிரிச்சாச்சு: 61 கூட்டுக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலுக்கு. எந்தத் தாங்கி எந்தக் கையில் எண்டு பாக்காமல் "தாங்கிகளைப் பேணுதல்" எண்டு ஒரு வரி எழுதினால் கையெழுத்துப் போட ஆள் இராது.

அடுத்தது தோண்டுறது. சொந்தக் காணியிலயும் தொல்பொருள் தேடித் தோண்டத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேணும். வாறது அரச சொத்து. உலோகம் கண்டறியிற கருவியோட வெளிக்கிட்டால் புதையல் காரன் எண்டுதான் முதல் பிடிப்பாங்கள், விளக்கம் பிறகுதான் கேப்பாங்கள். கருவிக்கும் ட்ரோனுக்கும் பாதுகாப்பு அமைச்சு, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை எண்டு தனித்தனி அனுமதி. துறைமுகம், விமானப்படைத் தளம், கடற்படைத் தளம் மூண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரில் ட்ரோன் படம் எடுக்கலாம் எண்டு நம்பி வரவு செலவு போடாதேங்கோ. செய்மதிப் படம், நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படம் இரண்டோடயும் வேலை பாக்கிற மாதிரி எழுதுங்கோ.

கோட்டைக்குள்ள இராணுவம், ஒஸ்ரன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள்ள. இரண்டு பகுதியின் எழுத்து மூல இணக்கமும் பின்னிணைப்பில் இல்லாத முன்மொழிவை நிதி குடுக்கிற ஆக்கள் பக்கத்தில வச்சிடுவினம்.

#4 திரியாய்வயல்

மேல இரண்டு பேரும் எல்லை போடுறதைப் பற்றிக் கதைக்கிறியள். எங்கட பக்கத்தில் எல்லைக்கல் எண்டால் என்ன அர்த்தம் எண்டு தெரியும்தானே? 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கெண்டு ஜனாதிபதிச் செயலணி போட்டபோது, அறிவிச்ச பெயர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கேல்லை. வயல் செய்யிற சனத்துக்கு அதுக்குப் பிறகு தொல்பொருள் எண்ட சொல்லே வெருட்டல். நீங்கள் 1782க்கு எண்டு ஒரு கோடு கீறுவியள், நாளைக்கு வேற ஆரும் அதே கோட்டைக் காட்டிக் கரைவலை வாடியைத் தூக்கச் சொல்லுவான். ஆய்வுக்கு எதிர்ப்பில்லை. கோடு ஆரிட்ட போகுது, எதுக்குப் பாவிக்கப்படும் எண்டு முதல் சொல்லுங்கோ.

#5 கொட்டியாரம்

நியாயமான கேள்வி, முன்மொழிவுக்குள்ளயே பதில் இருக்க வேணும். நான் சொன்னது ஆய்வுப் பரப்பு. அது தொல்பொருள் ஒதுக்கம் இல்லை, வர்த்தமானிக்குப் போற கோடும் இல்லை. இதை முதல் பந்தியில் எழுதி, காணி உரித்தை மாத்தவோ பாவனையைத் தடுக்கவோ இந்தத் திட்டம் பரிந்துரைக்காது எண்டும் எழுதுங்கோ. பிரதேச செயலகத்தில், கடற்றொழிலாளர் சங்கத்தில், விவசாயச் சம்மேளனத்தில் வரைபடத்தை விரிச்சுக் காட்டி, வந்த ஆட்சேபனையை அப்பிடியே அறிக்கையில் சேர்க்க ஒரு செலவு வரி வையுங்கோ. மண்டப வாடகை, தேத்தண்ணி, மொழிபெயர்ப்பு, அச்சு. மொத்தத்தில் 5 வீதம் போதும். இங்கிலாந்தில 1995இல் போட்ட போர்க்களப் பதிவேடும் இப்பிடித்தான்: காணி உரிமையில் கை வைக்காது, கட்டட அனுமதி குடுக்கும்போது கவனத்தில் எடு எண்டு மட்டும் சொல்லும்.

#6 திரியாய்வயல்

எழுத்தில் வந்தால் சரி. வெளியிடுற வரைபடத்தில் புதைகுழி, கண்டெடுப்புப் புள்ளி இரண்டையும் துல்லியமாப் போடாதேங்கோ. அடுத்த கிழமை மண்வெட்டியோட ஆள் நிக்கும்.

#7 ஏடும் எழுத்தும்

ஆவணத்துக்கு மிச்சம் மீதியில் காசு ஒதுக்கியிருக்கிறியள். அதுதான் மலிவு, அதுதான் முதல் வேலை. எங்க என்ன இருக்கு, எங்க சறுக்கும் எண்டு சொல்லுறன்.

பிரித்தானியக் கப்பல் தலைவர்களின் நாட்குறிப்பு லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில், ADM 51 எண்ட கடற்படைப் பதிவு வரிசை. பொறி ஒண்டு இருக்கு. 1805 வரை அவையளின்ர கடல்நாள் மத்தியானத்தில் தொடங்கும், அதுவும் ஊர்நாளுக்கு முந்தின மத்தியானத்தில். செப்ரெம்பர் 3 பின்னேரம் நடந்த சமர் குறிப்பில் 4ஆம் திகதிக்குக் கீழ கிடக்கும். 3ஆம் திகதிப் பக்கத்தை மட்டும் படம் எடுப்பிச்சுக் காசு கட்டினால், சண்டைக்கு முதல் நாள் பின்னேரமும் அண்டைக்குக் காலமையும்தான் கைக்கு வரும்.

பிரெஞ்சுக் குறிப்பில் நெடுங்கோடு பரிஸிலிருந்து எண்ணினது. கிரீனிச்சுக்கு மாத்த 2 பாகை 20 கலை கூட்ட வேணும். மறந்தால் இந்த அகலக்கோட்டில் 250 கிலோமீற்றருக்கு மேல தள்ளிப் போகும். அப்பிடிப் பெரிய பிழை கண்ணில படும். படாத பிழை திசைகாட்டியில்: முள்ளு காட்டுற வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம், அதுதான் காந்த விலகல், அந்தக் காலத்திலயும் இண்டைக்கும் ஒண்டில்லை. சுவாமிமலை இன்ன திசையில் எண்டு எழுதியிருக்கிறதை அந்தக் கால விலகலால் திருத்தாமல் வரைபடத்தில் கோடு இழுத்தால் கப்பல் தரையில நிக்கும்.

ஒல்லாந்தர் பக்கம் இண்டைக்கு லேசு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிப் பதிவுகள் 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் ஏறினது. ஹேக்கில் உள்ள கம்பனிக் கடிதங்களில் பெரும்பகுதியைக் கணினி வாசிப்பாலே எழுத்துக்குக் கொண்டு வந்து குளோபலைஸ் எண்ட திட்டத்தில் இலவசமாத் தேட விட்டிருக்கினம். கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலயும் ஒல்லாந்தர் பதிவுகள் உண்டு. செலவு வாறது படிக்கிற ஆளுக்கு. பழைய டச்சு வாசிக்கிறவை இலங்கையில் விரல் விட்டு எண்ணலாம். பக்கக் கணக்கில் கூலி பேசுங்கோ, நாள் கணக்கில் பேசாதேங்கோ. கணினி வாசிப்பு ஊர்ப்பெயரை உருக்குலைக்கும். திருகோணமலைக்கே பல எழுத்துக்கூட்டல். கொட்டியார், தம்பலகாமம் எல்லாத்துக்கும் ஒரு எழுத்துக்கூட்டல் பட்டியல் செய்து வச்சுத் தேடுங்கோ.

தமிழ்ப் பக்கத்தையும் விடாதேங்கோ. கோட்டை வாசல் நிலைக்கல்லில் சிதைஞ்சு நிக்கிற பாட்டும் இரட்டைக் கயலும் போர்க்கள ஆவணம்தான். கோணேசர் கோயிலை 1622இல் உடைச்சு அந்தக் கல்லில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டின கதையை விட்டிட்டு 1782ஐ மட்டும் எழுதினால் ஊர்ச்சனம் பக்கத்தில வராது, வரவும் தேவையில்லை.

#8 சல்லிக்கடல்

கடலடிக்கு 25 வீதம் எண்டு பாத்தன். அதில் செப்ரெம்பர் 3 சமர் நடந்த கடற்பரப்பை வெட்டி விடுங்கோ. பிரித்தானியத் தளபதி ஹியூஸிட்ட 12 பெரிய கப்பல், சுஃப்ரனிட்ட 14, கடும் சண்டை, ஆனா அண்டைக்கு ஒரு கப்பலும் தாழேல்லை. சுஃப்ரனின் ஹீரோஸ் பாய்மரத்தை இழந்ததுதான் பெரிய சேதம். கீழ கிடக்கக்கூடியது பாய்மரத் துண்டும் குண்டும். திருகோணமலைக்கு வெளியில கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே ஆயிரம் மீற்றருக்குக் கீழ இறங்குது. அங்க தேடுறது காசைக் கல்லில கட்டித் தாழ்க்கிற வேலை.

தேட வேண்டியது வேற. சமர் முடிஞ்சு திரும்பி வந்து வாயிலில் தரைதட்டி அழிஞ்ச பிரெஞ்சுக் கப்பல் லோரியான். 1795 ஓகஸ்ட்டில் பாறையில் அடிபட்டுத் தாழ்ந்த பிரித்தானிய டயோமீட். பின்குடா நங்கூரத் தரை. இந்த மூண்டும் ஆழங்குறைஞ்ச பரப்பில் தேடக்கூடியவை.

கருவி விசயத்தில் ஒரு வழமையான பிழை: சைட் ஸ்கேன் சோனார் மட்டும் வாடகைக்கு எடுக்கிறது. அது தரைக்கு மேல நீட்டிக்கொண்டிருக்கிறதைத்தான் காட்டும். மரக்கப்பல் இந்த வெதுவெதுப்பான கடலில் புழு தின்று முடிஞ்சிருக்கும், மிச்சம் மண்ணுக்குள்ள பீரங்கியும் நங்கூரமும். அதுக்கு இரும்பின்ர காந்தத்தை உணர்ற மக்னற்றோமீற்றர் வேணும். இரும்பின்ர காந்தச் சைகை தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒண்டாக் குறையும். ஆகவே வழிகளுக்கிடையில் 20 மீற்றர், கருவி தரைக்குக் கிட்ட. வாடகை நாள் குறையட்டும் எண்டு 50 மீற்றர் போட்டால் தனிப் பீரங்கி ஒண்டு கிடந்தாலும் நடுவால தப்பிப் போகும். உட்துறைமுகத்துக்குள்ள இதைச் செய்யவே வேண்டாம். சங்கிலி, கேபிள், பழைய இரும்பு எல்லாம் சேர்ந்து திரை முழுக்கப் புள்ளியாத்தான் வரும்.

பருவம்: வேலை ஏப்ரலில் இருந்து செப்ரெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவக்காத்து தொடங்கினால் பின்குடாவில் நிக்க ஏலாது. அந்தக் காலத்துக் கடற்படைகளே அப்ப உட்துறைமுகத்துக்குள்ள ஒதுங்கினவை, சோழமண்டலக் கரையில் அப்பிடி ஒதுங்க இடமில்லை எண்டதாலதான் இந்த ஊருக்கு இவ்வளவு சண்டை. நிதி ஒப்பந்தம் ஜனவரியில் கையெழுத்தாகி முதல் தவணை யூலையில் வந்தால் அந்த வருசம் போச்சு. ஒப்பந்த காலம் 18 மாதம் எண்டு கேளுங்கோ, இரண்டு பருவம் உள்ளுக்கு விழும்.

ஹெர்மிஸ் பற்றி ஆரும் கேக்க முதல்: அது 50 மீற்றருக்குக் கீழ, மட்டக்களப்புக்கு வெளியில, 307 பேர் செத்த போர்க்கப்பல். தொடக்கூடாது. படம், அளவு, அரிப்பு நிலை மட்டும்.

#9 பாலையூற்றான்

பீரங்கி கண்டால் மேல எடுக்கலாம்தானே? கோட்டை வாசலில் வச்சால் சனம் பாக்கும்.

#10 சுண்ணாம்புச்சாந்து

எடுக்காதேங்கோ. கடலில் கிடந்த இரும்புக்குள்ள உப்பு ஊறியிருக்கும். மேல எடுத்துக் காயவிட்டால் உள்ள இருக்கிற குளோரைட்டு காத்தோட சேர்ந்து துருவை வீங்கப் பண்ணும், மேற்பரப்பு செதில் செதிலாக் கழரும். கொஞ்ச நாளில் வாய்ப்பக்க எழுத்து, முத்திரை, அளவு எல்லாம் போயிடும். முறையாச் செய்யிறதெண்டால் எடுத்த நிமிசத்தில் இருந்து தண்ணிக்குள்ள, பிறகு சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் தொட்டி, குறைஞ்ச மின்னோட்டம், தண்ணியில் வாற குளோரைட்டை அளந்து அளந்து கரைசல் மாத்தல். ஒரு பீரங்கிக்கு வருசக்கணக்கு. கடைசியில் தனின் பூச்சு, மெழுகு. தோண்டுற செலவை விடப் பேணுற செலவு கூட. அந்தத் தொட்டிக்கும் ஆளுக்கும் மூண்டு நாலு வருசச் சம்பளம் கையில் இல்லாதவன் பீரங்கியைக் கடலில் விடுறதுதான் பேணல்.

காலியில் தாழ்ந்து கிடக்கிற ஒல்லாந்தர் கப்பல் அவொண்ட்ஸ்டரின் ஆய்வு நெதர்லாந்துக் காசோட 2001இல் தொடங்கினது, மத்திய கலாசார நிதியத்தின் கடலடித் தொல்லியல் பிரிவும் அதோடதான் நிலைச்சது. 2004 சுனாமி அந்த ஆய்வுகூடத்தை அடிச்சுக்கொண்டு போகேக்க எடுத்த பொருளில் நிறையவும் சேர்ந்து போச்சு. திருகோணமலையில் தொட்டி வைக்கிறதெண்டால் கரையில் இருந்து உள்ளுக்கு, மேட்டில வையுங்கோ. பதிவின்ர பிரதி வேற ஊரில இருக்கட்டும்.

இனி மதிலுக்கு வாறன். 60 வீதம் எண்டது எந்த அளவையை வச்சு? சேத வரைபடம் இல்லாமல் கொத்தனாருக்கு வேலை குடுத்தால் அவர் சீமெந்துதான் பூசுவார். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சீமெந்து அந்த வாயை அடைச்சிடும். உப்புத்தண்ணி பின்னால தேங்கிப் படிகமாகி, கல்லின்ர முகத்தையே பிய்ச்சுக்கொண்டு விழும். பூசினது நிக்கும், பின்னால கல்லு மாவாகும். ஒண்டுக்கு மூண்டு சுண்ணாம்பு மணல், சுண்ணாம்பு நல்லா ஊறினது, மணல் உப்பில்லாதது, பூசின பிறகு சாக்கு நனைச்சுப் போட்டு ஈரம் காப்பாத்தல். இவ்வளவும் செலவுப் பட்டியலில் தனித்தனி வரியா வர வேணும். கடற்கரை மணல் கிட்ட இருக்கே எண்டு அள்ளிப் போட்டால் நீங்களே உப்பைச் சுவருக்குள்ள ஏத்திறியள்.

ஆலும் அரசும் முளைச்சிருக்கிற இடத்தில் இழுத்துப் பிடுங்க வேண்டாம், வேரோட கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்து உக்கின பிறகு சாந்து அடைக்கிறது.

#11 கொட்டியாரம்

மேற்கோள், பாலையூற்றான்: "கோட்டை வாசலில் வச்சால் சனம் பாக்கும்"

சனம் பாக்க வேணும் எண்ட ஆசை சரிதான். கடலடியில் கிடக்கிறதை முப்பரிமாணப் படமா எடுத்துத் திரையில் காட்டலாம், சைப்பானில சுழியோடிகளுக்குப் பாதையே போட்டு வச்சிருக்கினம். செலவும் தொட்டிக் கணக்கில் சின்னத் துண்டுதான்.

#12 ஆறாம்கட்டை

தரை ஆய்வு பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதைச் சேக்கிறன். போர்க்களத்தில் குழி தோண்டிப் பாக்கிற வழமையான அகழ்வு அவ்வளவு பலன் தராது. சண்டையின் மிச்சம் மேல்மண்ணில் பரவித்தான் கிடக்கும். 1983இல் புல்லு எரிஞ்ச பிறகு அமெரிக்காவில் லிற்றில் பிக்ஹோர்ன் களத்தில் உலோகக் கண்டறி கருவியை வரிசையா நடத்தி ஒவ்வொரு ரவைக்கும் புள்ளி போட்டதில் இருந்துதான் இந்த முறை ஊண்டினது. இங்கிலாந்தில் பொஸ்வேர்த் களத்தையும் 2005இல் இருந்து இப்பிடித்தான் தேடிச்சினம். வழமையா எல்லாரும் கும்பிட்ட மேட்டில் இல்லை, மூண்டு கிலோமீற்றர் தள்ளி ஈயக்குண்டுகள் வந்திச்சு. லொத்தர் காசில் நடந்த ஆய்வு. கம்பமும் பலகையும் முதல் நட்டு, ஆய்வைப் பிறகு செய்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு அது போதும்.

முறை: முதல் சுற்று 10 மீற்றர் இடைவெளி வரிசை. குண்டு செறிஞ்சு வாற இடத்தில் 2.5 மீற்றருக்கு இறுக்கிறது. கைத்தொலைபேசி ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீற்றர் பிழைக்கும், அது முதல் சுற்றுக்குப் போதும், இரண்டாம் சுற்றுக்குக் காணாது. வெறுமனே ஒண்டும் வராத வரிசையையும் பதியுங்கோ. வெறுமையும் தரவு.

இங்க இருக்கிற வசதி, இரண்டு தரப்பின்ர ஈயக்குண்டும் அளவில் வேறுபடும். பிரித்தானியத் துவக்கின் குண்டு ஏறத்தாழ 30 கிராம், பிரெஞ்சுக்காரரின்ரது அதை விடச் சில கிராம் குறைவு. அடிபட்டு நசிஞ்சிருந்தாலும் எடையை நிறுத்து, ஈயத்தின் அடர்த்தி 11.3ஐ வச்சு முதல் இருந்த விட்டத்தைக் கணக்குப் பாக்கலாம். 0.1 கிராம் காட்டுற தராசு போதும், நகைக்கடைத் தராசே காணும். ஒல்லாந்தர் துவக்குகளின்ர அளவு பல மாதிரி, அதனால் எடையை மட்டும் வச்சு ஒல்லாந்தர் எண்டு எழுதாதேங்கோ. நசியாத குண்டு கூட வந்தால் அது நிண்டு சுட்ட இடம், ரவை தவறி விழுந்தது. நசிஞ்சது கூட எண்டால் சுடுபட்ட இடம்.

கருவி கத்தினால் எல்லாம் 1782 இல்லை. 1983இல் இருந்து 2009 வரை நடந்த யுத்தத்தின்ர ரவை, செல் துண்டு, வெடிக்காத குண்டு எல்லாம் அதே மேல்மண்ணில. தரையில இறங்க முதல் தேசிய மிதிவெடி நடவடிக்கை நிலையத்தின் விடுவிப்புப் பதிவைப் பாத்து, விடுவிச்ச காணியில் மட்டும் வேலை. ஆழம் 20 சென்ரிமீற்றருக்கு மேல போற சைகையைத் தோண்டக்கூடாது எண்டு வேலை விதியில் எழுதுங்கோ. காப்புறுதிக் கம்பனி இந்த வரியைத் தேடிப் பாக்கும்.

#13 உவர்மலையான்

வடிவா அடிச்சிட்டியள், நன்றி. புதுப் பங்கீடு இப்பிடி: ஆவணம் 25, தரை வரைபடமும் நடை ஆய்வும் 25, பின்குடா மக்னற்றோமீற்றர் 20, கோட்டைச் சேத வரைபடம் 10, ஊர்க் கூட்டங்கள் 5, நிர்வாகம் 10, கையிருப்பு 5. மதிலில் சாந்து பூசுறதும் 1942 தடயங்களும் இரண்டாம் கட்டம். இதை ஆரிட்ட கொண்டுபோறது? எங்கட சங்கம் பதிவில்லாதது.

#14 கொட்டியாரம்

1942ஐ முழுக்கத் தள்ளாதேங்கோ. சட்டப் பாதுகாப்பு இல்லாதது அதுதான், முதல் அழியிறதும் அதுதான். ஒரு படப்பதிவும் பட்டியலும் முதல் கட்டத்திலேயே போடுங்கோ. கையிருப்பு வரியைச் சில நிதிகள் ஒத்துக்கொள்ளாது, அங்க அதை எடுத்து இதுக்குப் போடலாம்.

ஆரிட்ட எண்டதுக்கு. நெதர்லாந்தின் பகிர்ந்த மரபுரிமைத் திட்டத்தில் இலங்கை பங்காளி நாடா இருந்து வந்தது, யாழ்ப்பாணக் கோட்டைத் திருத்தத்துக்கும் அவையள் குடுத்தவை. ஒல்லாந்தர் ஆவணம், கோட்டைச் சேத வரைபடம் அங்க பொருந்தும். பிரெஞ்சுத் தூதரகத்துக்கு லோரியானும் சுஃப்ரனும். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்டக் கலாசார உதவி கருவி, உபகரணத்துக்குச் சரி. அமெரிக்கத் தூதுவர் கலாசாரப் பேணல் நிதி அம்பாறைப் பக்கத்துப் பழைய விகாரை ராஜகலைக்குக் குடுத்தது. ஆனா அதன் விதியில் ஆராய்ச்சிக்காக அகழுறது, தேடல் அளவை, தனியார் சொத்து எல்லாம் விலக்கு. ஆகவே மதில் வேலைக்குப் பொருந்தலாம், உங்கட முதல் கட்டத்துக்குப் பொருந்தாது. கேக்க முதல் அந்த வருசம் அழைப்பு வந்திருக்கா எண்டு பாருங்கோ. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் நிலாவெளி வீதிக் கல்லறையைப் பாக்குது, ஆறு அரசாங்கங்களின்ர காசு, அது கல்லறைக்கு வெளியில் ஒரு அடி வராது. அங்க காசு கேக்காமல் பெயர்ப் பதிவைக் கேளுங்கோ.

ஒரே வேலைக்கு இரண்டு தூதரகத்திட்ட முழுக் காசு கேக்காதேங்கோ, அவையள் தங்களுக்குள்ள கதைப்பினம். ஆவணம் ஒண்டிட்ட, கடல் ஒண்டிட்ட எண்டு பிரிச்சு, ஒண்டில் மற்றதைச் சமபங்காக் காட்டுங்கோ. காசு இல்லாத இடத்தில் ஆள் வேலையும் சமபங்குதான்: படகு, விரிவுரையாளர் நேரம், மண்டபம். அதுக்கும் நேரத்தாள், கையெழுத்து வேணும்.

#15 மடத்தடி

பதிவுக்கு மூண்டு வழி. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ அரசசார்பற்ற நிறுவனமாகிறது, பாதுகாப்புச் சோதனையால நேரம் எடுக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி, கணக்காய்வுச் செலவு வருசாவருசம். மூண்டாவது, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தையோ யாழ்ப்பாணத் தொல்லியல் ஆக்களையோ முதன்மை விண்ணப்பதாரியாக்கி நீங்கள் பங்காளியா நிக்கிறது. முதல் தரத்துக்கு மூண்டாவதுதான். அகழ்வு அனுமதிக்குத் தகுதியான பெயரும் அங்கதான் கிடைக்கும். குறை என்னெண்டால் காசு பல்கலைக்கழக நிதியாளர் ஊடாகத்தான் வரும், 5 லீற்றர் எண்ணெய்க்கும் விலைமனு. படகு வாடகைக்கு முன்கூட்டியே மூண்டு விலைமனு எடுத்து வைக்காட்டில் பருவம் போயிடும்.

பெறுமதி சேர் வரி 18 வீதம், 2024 ஜனவரியில் இருந்து. கருவி வாடகை, அச்சு எல்லாத்துக்கும் அதைச் சேத்துத்தான் விலை போட வேணும். சில நிதிகள் வரியைத் தாங்கள் தர மாட்டம் எண்டும், அப்ப அது உங்கட பங்கில் விழும். டொலர் விலையையும் ஒருக்காப் பாருங்கோ. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளியில இருந்து வாற கருவி வாடகையை டொலரிலயும் உள்ளூர்க் கூலியை ரூபாயிலயும் இரண்டு நிரலா எழுதுங்கோ.

#16 சல்லிக்கடல்

கடற்படைக் கடிதத்துக்கு ஒரு குறிப்பு. "ஆய்வுக்கு அனுமதி" எண்டு மொட்டையாக் கேட்டால் பதில் வராது. நாலு மூலைக்கும் அகலக்கோடு நெடுங்கோடு, படகின்ர பதிவிலக்கம், ஆட்களின்ர அடையாள அட்டை இலக்கம், வேலை நேரம், கருவியின்ர வகை, தரவின் ஒரு பிரதி உங்களுக்கு எண்டு ஒரு வரி. துறைமுக அதிகாரசபைக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் பிரதி. பெப்ரவரிக்கு முதல் குடுங்கோ, ஏப்ரலில் இறங்கலாம்.

#17 உவர்மலையான்

வளாகத்தில் இந்தக் கிழமை கதைக்கிறம். ஏடும் எழுத்தும் அக்கா, அந்த ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டல் பட்டியலை இங்க தொடங்கி விடேலுமோ? தம்பலகாமம், கொட்டியார், கந்தளாய் மூண்டும் போதும் இப்போதைக்கு.

#18 ஏடும் எழுத்தும்

தனி இழையாப் போடுறன் தம்பி. மூதூரையும் சேத்துத்தான். கொட்டியார்க் குடாக் கடிதங்களில் அது வராமல் இராது.